மரை கழன்ற கதை

மரை என்ற சொல்லை இன்றைய தமிழில் பெரும்பாலும் வசவாகவே பயன்படுத்துகிறோம். ஒருவருடைய பேச்சு முன்னுக்குப் பின் முரணாகப் போனால் 'இவருக்கு மரை கழன்றுவிட்டது' என்று சொல்லி, நெற்றிப்பொட்டருகே விரலைச் சுற்றிக் காட்டுகிறோம். சங்கக் கவிதைகளில் மரை என்பது நெல்லிக்காய் தின்னும் காட்டு விலங்கு. நன்னூல் உரை படித்தவர்களுக்கு அது முதற்குறைக்கு எடுத்துக்காட்டு. தாமரை தன் தலையெழுத்தை இழந்து 'மரை' ஆகிறது. பட்டறைக்காரர்களுக்கோ அது ஆணியின் மேலும் துளையின் உள்ளும் ஓடுகிற சுற்றுவரி. அவர்களும் இப்போது 'திரெட்' என்றுதான் சொல்கிறார்கள் என்பதால், இந்தப் பொருளில் மரையைக் கையாளுகிற கடைசித் தலைமுறை நாமாகவே இருக்கலாம். இங்கே நான் எழுதப்போவது இந்தக் கடைசி மரையைப் பற்றி. விலங்கையும் தாமரையையும் எதிர்பார்த்து வந்த நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மரை என்பது சுருட்டி வைத்த மலைப்பாதை. கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக ஏற முடியாத உயரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறிவிடுகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உயரம். அந்தப் பாதையை ஓர் உருளையின் மேல் வெட்டினால் ஆணியின் மரை, ஒரு துளையின் உட்சுவரில் வெட்டினால் ஆணியைப் பிடிக்கும் மரை. பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்குக்கு நெடுங்காலமாகப் பரவலாக இருந்துவரும் அளவு, 14 மில்லிமீட்டர் விட்டமும் சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் ஏற்றமும். எங்கள் மாருதி 800-இன் பிளக்கும் இந்த வகைதான். அதன் மரை 19 மில்லிமீட்டர் நீளம். ஆகவே ஏறத்தாழப் பதினைந்து சுற்று. ஜப்பானில் செய்த பிளக்கும் ஜெர்மனியில் செய்த பிளக்கும் அதே துளையில் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. இதை நாம் வியப்பதே இல்லை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மரையின் கோணத்துக்கும் சுற்றுக்கணக்குக்கும் ஒரு பொது ஒழுங்கை முன்வைத்தார். அதற்கு முன் ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் துளையில் ஏறும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. எழுத்துச் சீர்திருத்தம் பற்றி நாம் போடுகிற சண்டையைப் போல அவர்களும் போட்டிருப்பார்கள். ஆனால் முடித்துவிட்டார்கள்.

இந்தப் பதினைந்து சுற்று என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது சிலிண்டருக்குள் எரிவாயுவின் அழுத்தம் உச்சத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 40, 50 கிலோவரை போகும். 14 மில்லிமீட்டர் துளையின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். ஆக, ஒவ்வொரு வெடிப்பின்போதும் பிளக்கை வெளியே தள்ளுகிற விசை 60 முதல் 75 கிலோ. ஓர் ஆள் அடியிலிருந்து எம்பி எம்பி உதைப்பதுபோல. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால் ஒரு சிலிண்டரில் நொடிக்கு 25 உதை. இத்தனையையும் தாங்குவது அந்த மலைப்பாதையின் சரிவுகள்தாம். அதோடு பிளக்கின் முனையில் சேருகிற சூட்டின் பெரும்பகுதி வெளியேறும் வழியும் இந்த மரையும் அதன் தலைப்பிலுள்ள வாஷரும்தான். மரை சரியாகப் படியாவிட்டால் பிளக் ஆறாது. ஆறாத பிளக், தீப்பொறி வருவதற்கு முன்பே தன் சூட்டாலேயே கலவையைக் கொளுத்திவிடும்.

அம்பாசிடர் ஓட்டிய தலைமுறைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் அடிப்பகுதி, மேலே மூடியிருக்கும் ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. எடை அதிகம். ஆனால் பிளக்கை எந்த முரடன் எந்த ஸ்பேனரால் முறுக்கினாலும் இரும்பு எளிதில் விட்டுக்கொடுக்காது. மாருதி 800-இன் ஹெட் அலுமினியம். அலுமினியம் எடை குறைவு, சூட்டை விரைவாகக் கடத்தும், எஞ்சின் சுறுசுறுப்பாக இருக்கும். எல்லாம் சரி. ஆனால் எஃகால் ஆன பிளக்கின் மரை அதற்குள் இறங்கும்போது, தோற்பது எப்போதும் அலுமினியமே. இருநூறு ரூபாய்கூடப் பெறாத பிளக் வென்று, பல ஆயிரம் பெறுமான ஹெட் தோற்கும். (இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இன்று உலகில் ஓடுகிற பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றின் ஹெட் அலுமினியம்தான்.)

தோற்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பிளக்கைத் துளையில் வைத்து முதல் நாலைந்து சுற்றை விரலால் சுற்ற வேண்டும். அப்போது மரையோடு மரை பொருந்துவது விரலுக்குத் தெரியும். அவசரக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே நீளக் கைப்பிடியுள்ள ராட்செட்டை மாட்டிச் சுற்றுகிறார்கள். பிளக் இம்மியளவு சாய்ந்திருந்தால்கூட, அது தன் பாதையை விட்டு அடுத்த பாதையில் குறுக்கே ஏறி, தானே ஒரு கோணல் வழி வெட்டிக்கொண்டு போகும். கைப்பிடி நீளமாக இருப்பதால் அந்த எதிர்ப்பு கைக்கு எட்டாது. 'நன்றாக இறுகிவிட்டது' என்றுதான் தோன்றும். பட்டறை வழக்கில் இதற்குக் 'கிராஸ் திரெட்' என்று பெயர்.

எங்கள் வண்டிக்கு இது நடந்தது 2016-இல், ஒரு சர்வீஸ் நிலையத்தில். பெயர் வேண்டாம். வண்டி எடுத்து வந்த நாளிலிருந்தே நடுச் சிலிண்டர் பக்கம் 'சிக் சிக்' என்று ஒரு மெல்லிய ஒலி இருப்பதாக என் மனைவி சொன்னாள். மறுபடி கொண்டுபோய்க் காட்டினோம். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து, மேட்டுப்பாளையத்தில் ஒரு திருமணத்துக்குப் போகும் வழியில், காரமடையைத் தாண்டியதும் பானெட்டுக்குள் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். தொடர்ந்து லாரி டயரில் காற்று இறங்குவதுபோல விட்டு விட்டு ஒரு சீறல். வண்டி நடுநடுங்கிற்று. ஓட்டிக்கொண்டிருந்த மனைவி உடனே எஞ்சினை நிறுத்தி ஓரம் கட்டினாள். அது மிகச் சரியான செயல் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிளக் இல்லாத துளை, ஒவ்வொரு சுற்றிலும் எரியாத பெட்ரோல் புகையைச் சூடான எஞ்சின் மேலேயே பீச்சும். பக்கத்தில் பிளக் வயரிலிருந்து பொறி பறந்துகொண்டிருக்கும்.

பானெட்டைத் திறந்தால், பிளக் தன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. சூடு ஆறியதும் எடுத்துப் பார்த்தோம். அதன் மரையின் பள்ளத்தில் வெள்ளிச் சரிகைபோலப் பளபளவென்று ஏதோ சுற்றியிருந்தது. நகத்தால் நெம்பியதும் சுருள் சுருளாக வந்தது. எங்கள் ஹெட்டின் மரைதான் அது. துளையை விட்டுப் பிளக்கோடு கிளம்பி வந்துவிட்டது. அடியிலிருந்த வாஷரின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. மறுபக்கம் புதிதாக அப்படியே இருந்தது. ஆகவே பிளக் இரண்டு மாதமும் கோணலாகத்தான் நின்றிருக்கிறது. வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, பேருந்து பிடித்து, முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது.

இந்த வண்டி 1998-ஆம் ஆண்டு மாடல். கார்புரேட்டர், நான்கு கியர், ஏசி கிடையாது. என் மனைவி கார் ஓட்டக் கற்றது இதில்தான், தன் முப்பத்தெட்டாம் வயதில். அதற்கு முன் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கணக்கு ஆசிரியை. பள்ளி, வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பேருந்து மாற வேண்டும். கார் வந்தபின் காலையில் ஒரு மணிநேரம் அவளுக்கு மிச்சமாயிற்று. அந்த ஒரு மணியில் அவள் படித்த புத்தகங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு. பதினைந்து ஆண்டு முடிந்து 2013-இல் பதிவைப் புதுப்பித்தபோதே உறவினர்கள் 'தலைமுழுகிவிடு' என்றார்கள். அவள் கேட்கவில்லை. இப்போது, காரமடையிலிருந்து கயிறு கட்டி இழுத்துவந்து நிறுத்திய பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில், ஹெட்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை எழுதிக்கொடுத்தார்கள். வண்டியை அப்படியே விற்றால் கிடைக்கக்கூடியதைவிட அது அதிகம். அவர்கள் சொன்னதில் சூது ஏதும் இல்லை என்றே நினைக்கிறேன். புது ஹெட் போட்டால் அவர்களால் உத்தரவாதம் கொடுக்க முடியும். பழுது பார்த்தால் அந்தப் பழுதுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். பெரிய இடங்கள் பொருளை மாற்றித்தருவதில் வல்லவை. ஒரு துளைக்குப் பொறுப்பேற்க ஒரு தனி மனிதர் வேண்டியிருக்கிறது.

மனைவி தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கணக்கு உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளை நோக்கியே போயிற்று. அதாவது வண்டியை உடைப்புக்குக் கொடுப்பது. இரண்டு நாள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையைப் பற்றிச் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். கோவையில் இது ஒரு வசதி. 1888-இல் முதல் நூற்பாலை வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரத்தில் ஏதாவது உடைந்தால் சீமையிலிருந்து கப்பலில் வரக் காத்திருக்க முடியாது என்பதால், உள்ளூரிலேயே வார்த்து, கடைந்து, மரை வெட்டிக் கொடுக்கிறவர்கள் உருவானார்கள். பிறகு அவர்களே மோட்டாரும் பம்பும் செய்தார்கள். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிற சத்தம் கேட்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. நாங்கள் தேடிப்போன பெரியவரும் ஓர் ஆலையின் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து, ஆலை மூடியபின் சொந்தமாகப் பட்டறை வைத்தவர்.

அவர் துளைக்குள் ஒரு சின்ன டார்ச்சை அடித்து, பல் மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஹெட்டை மாத்தோணும்னு ஆருங்க சொன்னது? கெட்டது ஓட்டை தானுங்களே. ஓட்டையச் சரி பண்ணுனாப் பத்தாதுங்களா?" என்றார்.

இப்படிப்பட்ட ஓட்டைக்கு நம் பட்டறைகளில் பல வைத்தியங்கள் உண்டு. ஹெட்டைக் கழற்றி, துளையை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்து, புதிதாகத் துளையிட்டு மரை வெட்டலாம். ஆனால் வெல்டிங் சூட்டில் ஹெட் வளைந்துகொள்ளும், அடிப்பரப்பை மறுபடி மட்டம் தட்டிக் கடைய வேண்டும். துளையைப் பெரிதாக்கி, லேத்தில் கடைந்த பித்தளை புஷ்ஷை இறுக்கலாம். நம் ஊரில் இது நெடுநாளைய வழக்கம். நன்றாகச் செய்தால் நிற்கும். செய்கிறவர் சரியில்லாவிட்டால் அடுத்த முறை பிளக்கைக் கழற்றும்போது புஷ்ஷும் கூடவே கழன்று வரும். இப்போது திடமான எஃகுச் செருகிகள் கிடைக்கின்றன. 'டைம்-செர்ட்' என்பது அவற்றில் பேர்பெற்றது. உள்ளே இறக்கியபின் அதன் அடிமரையை விரித்துவிடுவார்கள். அது சுற்றியுள்ள அலுமினியத்தைக் கவ்விக்கொள்ளும், கழலாது.

பெரியவர் கையாண்டது 'ஹெலிகாயில்' முறை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள் அது. கம்பியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் வைரக்கட்டி வடிவில் இருக்கும். சுருளாகச் சுற்றினால் அதன் வெளிவிளிம்பு ஒரு மரையாகவும் உள்விளிம்பு இன்னொரு மரையாகவும் அமைந்துவிடும். பழைய துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளிவிளிம்புக்கு ஏற்ற மரை வெட்டிச் சுருளை உள்ளே இறக்கினால், உள்விளிம்பில் பழைய 14 மில்லிமீட்டர் மரை திரும்பக் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான எஞ்சின்களில், அடிக்கடி பிளக் கழற்றி மாட்ட வேண்டிய அலுமினியத் துளைகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சுருள் இயல்பில் துளையைவிட அகலமானது. அதைச் சுருக்கித்தான் உள்ளே செலுத்துகிறோம். உள்ளே போனதும் அது விரிய முயன்றுகொண்டே இருக்கிறது. அந்த முயற்சியே அதன் பிடி. எஞ்சின் சூடேறும்போது அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். (ஒரு மீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் 2.3 மில்லிமீட்டர் நீளும். சாதாரண எஃகு 1.2.) துளை விரிய விரியச் சுருளும் விரிந்து கூடவே போகும். பிளக் இனி உரசுவது எஃகின்மேல். எஃகுச் சுருள் தங்குவதோ முன்னைவிட அகலமான அலுமினிய மரையில். எனவே பழுது பார்த்த துளை புதுத் துளையைவிட வலுவானது. இதைப் பெரியவர் சொன்னபோது வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்ததில் உண்மை என்று தெரிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். எங்கள் துளையில் மேலே உள்ள மரைதான் உரிந்து போயிருந்தது. பிளக் முழுதாக இறங்காததால் அடியில் மூன்று நான்கு சுற்று பழுதில்லாமல் இருந்தது. சுருள் போட வேண்டுமானால் அந்த நல்ல மரையையும் வெட்டி எடுத்தாக வேண்டும்.

"அந்த நாலு மரையிலயே பிளக்கை மாட்டி ஓட்ட முடியாதுங்களாண்ணா?" என்று மனைவி கேட்டாள்.

"நிக்குமுங்க அம்மணி. எத்தனை நாளைக்குன்னு கேட்டீங்கன்னா நான் சொல்ல மாட்டனுங்க."

(நான்கு மரையின் வலிமைக்கு உலக அளவில் சாட்சி உண்டு. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற எட்டுச் சிலிண்டர் டிரைட்டன் எஞ்சின்கள் பலவற்றில், ஹெட்டில் பிளக்கைப் பிடிக்க ஏறத்தாழ நான்கு சுற்றுதான் இருந்தது. ஓடும்போதே பிளக் பறந்துவிட்டது என்ற புகார்கள் ஏராளம். ஆனால் அன்று அந்தப் பட்டறையில் எங்களுக்கு இது தெரியாது.)

வெட்டுகிற டேப் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். துளை கோணலாகும், பிளக்கின் வாஷர் சமமாகப் படியாது, பிறகு ஹெட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். மறைக்காமல் சொன்னார். அதாவது இப்போது கையிலிருக்கும் நான்கு மரையோடு இன்றே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். என்றைக்கு மறுபடி பறக்கும் என்று தெரியாது. அல்லது அந்த நான்கையும் அழிக்கச் சம்மதிக்க வேண்டும்; அழித்தபின் திரும்பி வர வழி கிடையாது. வண்டி அவளுடையது என்பதால் நான் வாய் திறக்கவில்லை. அவள் கொஞ்சநேரம் துளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டுங்கண்ணா" என்றாள்.

ஹெட்டைக் கழற்றாமலே செய்வது என்று முடிவாயிற்று. கழற்றினால் டைமிங் பெல்ட்டைப் பிரிக்க வேண்டும், புது கேஸ்கெட் போட வேண்டும். கழற்றாவிட்டால் செலவு குறைவு, ஆனால் வெட்டுகிற அலுமினியத் துருவல் சிலிண்டருக்குள் விழும் ஆபத்து உண்டு. இரும்பாக இருந்தால் காந்தத்தை விட்டு எடுத்துவிடலாம். அலுமினியத்தைக் காந்தம் சட்டை செய்யாது. பெரியவர் மற்ற இரு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, நடுத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, உதவியாளரை எஞ்சினை மெதுவாகக் கையால் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியதும் நிறுத்தினார். அதாவது பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கிறது, வால்வு இரண்டும் மூடியிருக்கின்றன. துருவல் விழுந்தாலும் வால்வின் இருக்கையில் போய் மாட்டாது. பிறகு சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றைத் துளைவழியே விட்டு, பிஸ்டன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்தார். டேப்பின் நுனி பிஸ்டனில் முட்டக்கூடாது. இதற்கெல்லாம் கருவிகள் இருக்கின்றன. கட்டைவிரலும் போக்ஸ் கம்பியும் அன்று போதுமானவையாக இருந்தன.

அந்த டேப்பும் ஒரு விசேஷமான பொருள். அதன் நுனிப்பகுதி பழைய 14 மில்லிமீட்டர் அளவு. அதற்குப் பின்னால்தான் பெரிய மரையை வெட்டும் பற்கள். நுனி போய் அடியிலுள்ள நல்ல மரையைப் பிடித்துக்கொள்ளும்; அந்தப் பிடியே பெரிய பற்களைச் சாயாமல் நேராக வழிநடத்தும். நாங்கள் காப்பாற்ற நினைத்த அந்த நான்கு சுற்று மரைக்கு இருந்த கடைசி வேலை, தன்னை அழிக்க வருகிற டேப்புக்கு வழிகாட்டுவதுதான். வழிகாட்டி முடித்ததும் அதுவும் துருவலாக வெளியே வந்தது.

டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினார், துருவல் அதில் ஒட்டிக்கொள்வதற்காக. கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே. மறுபடி கால் சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டேப்பை முழுதும் வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, துருவலை விளக்கில் பார்த்து, புதுக் கிரீஸ் அப்பி மறுபடி இறக்கினார். துணியில் வெள்ளித்தூள் கலந்த கிரீஸ் விபூதிக் குழைவுபோல இருந்தது. முக்கால் மணிநேரம் யாரும் பேசவில்லை. பக்கத்து லேத்தில் ஓடிக்கொண்டிருந்த வானொலியைக்கூட உதவியாளர் போய்க் குறைத்துவிட்டு வந்தார். ஓரிடத்தில் டேப் இறுகிற்று. பெரியவர் கையை எடுத்துவிட்டு ஒரு டீ சொல்லி, டீ வந்து, குடித்து முடித்தபின்தான் மறுபடி தொட்டார். அவசரத்தில் ஒரு சுற்று சுற்றியிருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்.

வெட்டி முடிந்ததும், மெல்லிய ரப்பர் குழாய் பொருத்திய வாக்குவம் கிளீனரால் உள்ளே உறிஞ்சினார். பிறகு காயில் வயரைப் பிரித்துவிட்டு, துளைமேல் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை நான்கைந்து சுற்று சுற்றவிட்டார். துணியில் மூன்று சிறு மினுக்கங்கள் வந்து ஒட்டின. மறுபடி சுற்றினார். இம்முறை ஒன்றுமில்லை. சுருளை அதற்குரிய கம்பில் ஏற்றி, மேல்மட்டத்துக்கு அரைச் சுற்றுக் கீழே நிற்கும்வரை இறக்கினார். சுருளின் அடியில், கம்பைப் பிடித்துக்கொள்வதற்காக ஒரு சின்ன நாக்கு வளைந்திருக்கும். வேலை முடிந்ததும் அதை முறித்து எடுத்துவிட வேண்டும். முறித்தது கை தவறி உள்ளே விழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொல்லை. நோஸ் பிளேயரால் பிடித்து, மேலும் கீழும் நான்குமுறை அசைத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். நாக்கு பிளேயரோடு வெளியே வந்தது. அதை அவர் என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.

பிளக்கை மாட்டும் வேலையை அவளையே செய்யச் சொன்னார். அரையடி நீள ரப்பர் குழாய் ஒன்றைப் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் தலையில் செருகி, அந்தக் குழாயைப் பிடித்துச் சுற்றச் சொன்னார். முதலில் இடப்பக்கமாக, கழற்றுவதுபோல. மரையின் தொடக்கத்தில் பிளக் சற்றே விழுவது கைக்குத் தெரியும், அதன்பின் வலப்பக்கம். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடுமே தவிர பிளக்கைத் திருகாது. ராட்செட்டுக்குத் தெரியாத சங்கதி ரப்பர் குழாய்க்குத் தெரிகிறது. விரலுக்கு நின்றபின், புது வாஷராக இருந்தால் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. அவ்வளவுதான். கணக்கில் சொன்னால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் கைப்பிடியின் நுனியில் பத்துப் பன்னிரண்டு கிலோ இழுப்பு. மரையில் கிராஃபைட் பசை தடவலாமா என்பதில் மட்டும் பெரியவருக்கும் பிளக் தயாரிப்பாளர்களுக்கும் கருத்து வேறுபாடு. அவர் தடவ வேண்டும் என்கிறார். தயாரிப்பாளர்கள் சிலர் வேண்டாம் என்கிறார்கள். வழுக்கல் கூடினால் அதே இழுப்பில் பிளக் தேவைக்கு மேல் இறுகிவிடும் என்பது அவர்கள் வாதம். நான் தயாரிப்பாளர் கட்சி. அதை அன்று அவரிடம் சொல்லவில்லை.

எஞ்சின் முதல் சாவியிலேயே கிளம்பிற்று. பெரியவர் சோப்புத் தண்ணீரைப் பிளக்கின் அடியைச் சுற்றி ஊற்றினார். குமிழி வரவில்லை. 'சிக் சிக்' நின்றுவிட்டிருந்தது.

வாங்கிய கூலி, ஒர்க்ஷாப் கேட்டதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மனைவி அந்தப் பழைய பிளக்கையும் ரப்பர் குழாயையும் எடுத்துக்கொண்டு மறுநாள் சர்வீஸ் நிலையத்துக்குப் போனாள். பணம் கேட்க அல்ல. மேலாளர் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மூன்று விதமாக விளக்கினாராம். அவர் பேசிக்கொண்டிருக்கையில், பின்னால் நின்ற உதவியாளப் பையன் பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். குழாயை அவனிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எங்களுக்கு இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டோம்.

வண்டியின் கையேட்டில், சர்வீஸ் விவரம் எழுதும் பக்கத்தில், சிவப்பு மையில் 'நடுச் சிலிண்டர்: சுருள் போட்டது, எஞ்சின் ஆறியபின்தான் கழற்ற வேண்டும்' என்று அவள் எழுதிவைத்தாள். 2018-இல் பதிவை மறுபடி ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தோம். 2019-இல் பிளக் மாற்றும் முறை வந்தபோது, இரவு முழுக்க வண்டியை ஆறவிட்டு, காலை ஆறு மணிக்கு அவளே ஸ்பேனரை எடுத்தாள். கழற்றும்போது சுருளும் கூடவே வந்துவிடுமோ என்பதுதான் கேள்வி. ஸ்பேனர் முதல் அரைச் சுற்றுக்கு இறுக்கமாக இருந்தது, பிறகு விட்டது. மீதியை ரப்பர் குழாயால் சுற்றினாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்காவது சுற்றில் பிளக் கையோடு வந்தது. மரையில் சரிகை ஏதுமில்லை. டார்ச்சை அடித்துத் துளைக்குள் பார்த்தோம். சுருள் அதன் இடத்தில் இருந்தது.